பூட்டு மட்டும் போதாது! ஊருக்குக் கிளம்பும்முன் தோட்டத்து வீட்டுக்குச் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

கோடை விடுமுறை, மாசியில் குலதெய்வக் கோயில், தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணம், கார்த்திகையில் சபரிமலை, நடுவில் நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம். விவசாயக் குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போவது வருடத்தில் சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களிலும் மனம் வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்களா, மோட்டார் அறையைப் பூட்டினோமா, பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டோமா என்ற கவலையிலேயே சாமி கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் அதிகம்.

வீட்டுப் பாதுகாப்பு பற்றிச் சொல்லப்படும் யோசனைகள் பெரும்பாலும் நகரத்து வீடுகளை மனதில் வைத்தவை. தோட்டத்து வீட்டின் நிலைமை வேறு. கொங்குப் பகுதியில் அவரவர் காட்டுக்குள் அவரவர் வீடு இருக்கும். பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காத தூரம். டெல்டா கிராமங்களைப் போல ஒட்டி ஒட்டித் தெருவாக அமைந்தவை அல்ல. கட்டுத்தறியில் மாடு, பட்டியில் ஆடு, கிணற்று மேட்டில் மோட்டார், திண்ணையில் கடலை மூட்டை என்று சொத்தில் பாதி பூட்டுக்கு வெளியில்தான் இருக்கிறது. அதனால், தோட்டத்து வீட்டைப் பொறுத்தவரை பூட்டு இரண்டாவது காவல். ஆள் நடமாட்டம்தான் முதல் காவல். வீட்டில் ஆள் இல்லாத நாட்களிலும் அந்த நடமாட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்வதில்தான் பாதிப் பாதுகாப்பு இருக்கிறது.

ஆள் இல்லை என்று காட்டிக்கொடுப்பவை

திருட நினைப்பவர் முதலில் பார்ப்பது பூட்டின் தரத்தை அல்ல. உள்ளே ஆள் இருக்கிறதா என்பதைத்தான். அதை அவருக்கு வீடே சொல்லிவிடுகிறது.

தினமும் கோலம் போடும் வாசலில் இரண்டு நாள் கோலம் இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கும் வாசல் விளக்கு எரிகிறது. கொடியில் காயப்போட்ட துணி மூன்று நாளாக அங்கேயே தொங்குகிறது. எப்போதும் நிற்கும் வண்டி இல்லை. கேட்டுக்கு வெளிப்பக்கம் பெரிய பூட்டு தொங்குகிறது. பால் சொசைட்டிக்கு அந்த வீட்டுப் பால் வரவில்லை. தொட்டியில் தண்ணீர் காய்ந்து கிடக்கிறது. இவற்றில் இரண்டைக் கவனித்தாலே போதும், வீடு காலி என்று தெரிந்துவிடும்.

இவற்றைச் சரிசெய்யப் பெரிய செலவு இல்லை. காலையில் வாசல் தெளித்து நாலு இழை கோலம் போட்டுவிட்டுப் போகப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணையோ, வழக்கமாக வேலைக்கு வருபவரையோ கேட்டுக்கொள்ளலாம். வாசல் விளக்கை இரவு பகலாக எரியவிட்டுப் போவதற்குப் பதில், இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் தானே அணையும் சென்சார் பல்பு மாட்டலாம். கிளம்பும்முன் கொடித் துணிகளை எடுத்துவிட வேண்டும். கேட்டை உள்பக்கமாகப் பூட்ட வழியிருந்தால், பூட்டு வெளியே தெரியாதபடி பூட்டுவது நல்லது.

அடுத்தது வாய். டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் "நாளைக்குக் கிளம்பினா வர ஒரு வாரம் ஆகும்" என்று சத்தமாகச் சொல்வது, கோயில் வாசலில் குடும்பமாக எடுத்த படத்தை அன்றைக்கே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது, இரண்டுமே வீடு காலி என்ற அறிவிப்புதான். படங்களை ஊர் திரும்பிய பிறகு போட்டால் எதுவும் குறைந்துவிடாது. பொறுப்பை ஒப்படைப்பவருக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிந்தால் போதும். ஊருக்கே தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

உடைவது பூட்டு அல்ல, கொண்டி!

விலை உயர்ந்த பூட்டு வாங்கிப் போட்டும் வீடு உடைபடுவது எப்படி? பல வீடுகளில் பூட்டு முழுசாகவே கிடக்கும். கதவோடு சேர்த்து அறைந்திருந்த கொண்டிதான் பெயர்ந்திருக்கும். சின்னத் திருகாணி இரண்டை வைத்துப் பிடித்த கொண்டியைக் கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும். கொண்டியையும் நாதாங்கியையும் கதவைத் துளைத்து மறுபக்கம் நட்டு போட்டு முறுக்கிய போல்ட்டில் பிடிக்கச் சொல்ல வேண்டும். உள்ளூர்த் தச்சருக்கு அரை நாள் வேலைதான்.

முன்கதவு தேக்காக இருக்கும். பின்கதவு தகரமாகவோ உளுத்த பலகையாகவோ இருக்கும். திருடர் வருவது பின்பக்கமாகத்தான். பின்கதவுக்கு உள்ளே மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டு, குறுக்கே ஒரு இரும்புப் பட்டையும் வைத்தால், வெளியிலிருந்து திறப்பது சிரமம். ஓட்டு வீடுகளில் ஓட்டைப் பிரித்து இறங்கும் வழியும் உண்டு. கூரைக்குக் கீழே எவ்வளவு நல்ல பீரோ வைத்தாலும், ஓட்டு வீட்டில் நகையையும் பணத்தையும் விட்டுப்போகாமல் இருப்பதே நல்லது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, நம் வீட்டுக் கருவிகள். கடப்பாரை, மண்வெட்டி, கோடாலி, மரம் ஏறும் ஏணி எல்லாம் களத்திலும் சுவரோரமும் சாத்தி வைத்திருப்பது வழக்கம். திருட வருபவர் ஆயுதம் கொண்டுவர வேண்டியதே இல்லை, எல்லாம் அங்கேயே இருக்கிறது. கிளம்பும்முன் இவற்றை அறைக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். ஏணியை மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டி வைக்கலாம்.

சாவியை ஆட்டுக்கல் அடியிலும், ஓட்டு இடுக்கிலும், துளசி மாடத்திலும் வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். அந்த இடங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்த அளவு மற்றவர்களுக்கும் தெரியும். பொறுப்பாளர் கையில் நேரடியாகக் கொடுப்பதே முறை. அவருக்கும் கட்டுத்தறி, தீவன அறை, மோட்டார் அறைச் சாவிகள் போதும். பீரோ சாவி அந்தக் கொத்தில் இருக்கக் கூடாது.

நகை, பணம், பத்திரம்

மஞ்சளோ பருத்தியோ விற்ற பணத்தை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகக் கூடாது. கிளம்புவதற்கு முந்தின வேலை நாளிலேயே வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கட்டிவிட வேண்டும்.

நகைக்கு வங்கி லாக்கர் நல்ல வழி. ஆனால், அதன் விதியைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், வங்கி ஊழியரின் மோசடி ஆகிய காரணங்களால் லாக்கரில் இருந்த பொருள் போனால், வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். ஆண்டு வாடகை 2,000 ரூபாய் என்றால், அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அந்தப் பொறுப்பும் கிடையாது. இருந்தாலும், காட்டுக்குள் இருக்கும் பூட்டிய வீட்டைவிட லாக்கர் பல மடங்கு பாதுகாப்பானது. லாக்கருக்கு வாரிசு நியமனம் செய்திருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

லாக்கர் கிடைக்காத ஊர்களில், நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறு தொகைக்கு அடகு வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. வட்டி கொஞ்சம் ஆகும். ஆனால், நகையின் எடையும் விவரமும் ரசீதில் பதிவாகி, இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். கல்யாணத்துக்கே போவதாக இருந்தாலும், எல்லா நகையையும் எடுத்துப் பூட்டிக்கொண்டு பஸ்ஸில் போவது பாதுகாப்பு ஆகாது.

பட்டா, சிட்டா நகல்களை அரசின் இணைய சேவையில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கிரயப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆனால், மூலப் பத்திரம் தொலைந்தால் வங்கிக் கடன் வாங்கும்போதும் நிலம் விற்கும்போதும் அலைச்சல் அதிகம். ஆகவே, மூலப் பத்திரமும் நகையோடு லாக்கருக்குப் போக வேண்டிய பொருள்தான்.

ஒரு நோட்டில் நகைகளின் பெயர், எடை, வாங்கிய கடை ஆகியவற்றையும், மோட்டார் எண், டிராக்டரின் இன்ஜின் எண், சேஸிஸ் எண் ஆகியவற்றையும் எழுதி, கைப்பேசியில் படமும் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைக்க வேண்டும். பொருள் போனால் புகாரில் எழுதவும், மீட்ட பொருளை நம்முடையது என்று நிரூபிக்கவும் இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

மாட்டை யாரிடம் விடுவது?

மாடு வைத்திருப்பவர்கள் ஊருக்கே போக முடியாது என்பது பரவலான ஆதங்கம். முடியும், ஆனால் ஒரு வாரம் முன்பே ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும்.

கறவை மாட்டுக்குக் கை மாறுவது பிடிக்காது. புது ஆள் உட்கார்ந்தால் பாலை அடக்கிக்கொள்ளும். கறக்காமல் விட்டால் மடி கட்டி, மடிநோய் வரை போகும். அதனால், பொறுப்பு எடுப்பவர் இரண்டு மூன்று நாள் முன்பே வந்து, வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே கறந்து பழக வேண்டும். கறவை நேரத்தை மாற்றக் கூடாது. கறவை மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். கோடையில் அதற்கும் மேலே போகும். வெள்ளாட்டுக்கு 4 முதல் 5 லிட்டர். மோட்டார் ஓடாவிட்டாலும் இரண்டு நாளைக்குத் தாங்கும் அளவு தொட்டியில் நிரப்பி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

எந்த மாட்டுக்கு எவ்வளவு தீவனம், எது சினை, எது முட்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கட்டுத்தறிச் சுவரில் ஒட்டலாம். அதிலேயே உள்ளூர்க் கால்நடை மருத்துவரின் எண்ணையும், கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற எண்ணையும் எழுத வேண்டும். அந்த நாட்களின் பால் பணம் பார்த்துக்கொள்பவருக்கே என்று முன்கூட்டியே பேசிவிடுவது நியாயமானது. சொசைட்டிக்குப் பால் போவதும் நிற்காது.

ஆடுகள் திருட்டுக்கு எளிதில் இரையாகும். வண்டியில் வந்து பத்து நிமிடத்தில் பட்டியையே காலி செய்துவிடுவார்கள். ஆள் இல்லாத தோட்டத்தில் பட்டியை விட்டுப்போகாமல், அந்த நாட்களுக்கு ஆள் இருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கு ஆடுகளை மாற்றிவிடுவதே சரி. மாடுகளின் காதில் உள்ள 12 இலக்க வில்லை எண்ணையும், ஒவ்வொரு ஆட்டின் நிறம், கொம்பு, மச்சம் ஆகிய அடையாளங்களையும் படம் எடுத்து வைக்க வேண்டும்.

நாய் இருந்தால் போதாதா என்றால், சாப்பாடு கிடைக்கும் நாய் காவல் காக்கும். இரண்டு நாள் பட்டினி கிடந்த நாய், யார் பிஸ்கட் போட்டாலும் வாலை ஆட்டும். நாய்க்கும் வேளா வேளைக்கு ஆள் வேண்டும்.

மோட்டார், கேஸ், மின்சாரம்

ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருப்பவர்கள் கிளம்பும்முன் அதை நிறுத்திவிட வேண்டும். கரன்ட் வந்ததும் தானே ஓடும் மோட்டார், கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் வெறுமனே ஓடிக் கருகும். தாமிரக் கம்பிக்காக மோட்டார் கேபிளை வெட்டிப் போவது பல மாவட்டங்களில் நடக்கிறது. கேபிளைக் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைப்பதும், கிணற்று மேட்டில் ஒரு விளக்கு எரிவதும் ஓரளவு தடுக்கும். பொறுப்பாளர் மாலையில் ஒருமுறை கிணற்றுப் பக்கம் போய்வருவது அதைவிட நல்லது.

வீட்டுக்குள் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூட வேண்டும். டிவி, செட்டாப் பாக்ஸ் பிளக்குகளைப் பிடுங்கிவிட வேண்டும், கோடை இடி அவற்றைத்தான் முதலில் பதம் பார்க்கும். பூச்சிமருந்து டப்பாக்களைப் பொறுப்பாளரின் குழந்தைகள் கைக்கு எட்டாமல் தனியே பூட்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. திருடர் வந்தால் அடிக்கட்டும் என்று வேலியிலோ இரும்புக் கேட்டிலோ மின்சாரத்தைப் பாய்ச்சுவது குற்றம். அதில் மாட்டுவது பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, ஆடு தேடி வந்த சிறுவனோ, வாயில்லா ஜீவனோதான். உயிர் போனால் நில உரிமையாளர் சிறைக்குப் போக நேரிடும்.

பெரியவர்கள் மட்டும் வீட்டில் இருந்தால்…

"வீட்டைப் பூட்டவில்லை, அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள்" என்று நிம்மதியாகக் கிளம்பும் குடும்பங்கள்தான் கூடுதலாக யோசிக்க வேண்டும். 2024 நவம்பர் இறுதியில், திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த முதிய தம்பதியும் அவர்களுடைய மகனும் கொல்லப்பட்டார்கள். 2025 ஏப்ரல் இறுதியில், ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதிய தம்பதி நகைக்காகக் கொல்லப்பட்டார்கள். அது வெளியே தெரிய வந்ததே சில நாட்கள் கழித்துத்தான்.

இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு கொங்குப் பகுதித் தோட்டத்து வீடுகளில் பயம் குடிபுகுந்திருக்கிறது. பயத்தை ஏற்பாடாக மாற்றிக்கொள்வதுதான் வழி. காலை 7 மணி, இரவு 8 மணி என்று நேரம் குறித்து, தினமும் இரண்டு வேளை போனில் பேச வேண்டும். இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை என்றால், அரைமணி நேரத்துக்குள் நேரில் போய்ப் பார்க்க ஒருவரை முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். "சார்ஜ் இல்லாமல் இருக்கும், நாளைக்குப் பேசலாம்" என்று விட்டுவிடக் கூடாது. பார்க்கப் போகிறவரும் ஒற்றை ஆளாகப் போகாமல், இருவராகப் போக வேண்டும்.

அந்த நாட்களில் இரவுத் துணைக்குச் சொந்தத்தில் ஒருவர் வந்து தங்கினால் நல்லது. அதற்கு வழியில்லை என்றால், பெரியவர்களை ஊருக்குள் இருக்கும் உறவினர் வீட்டில் இரவு தங்க வைக்கலாம். பாட்டியின் கழுத்திலும் காதிலும் இருக்கும் நகையை, வருத்தப்பட்டாலும் எடுத்துச் சொல்லிக் கழற்றி லாக்கரில் வைக்க வேண்டும். வெளிவிளக்குகளின் சுவிட்ச் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ராத்திரியில் நாய் விடாமல் குரைத்தாலோ, தண்ணீர் வேண்டும், வண்டி நின்றுவிட்டது என்று யாராவது கூப்பிட்டாலோ, கதவைத் திறக்காமல் விளக்கைப் போட்டுவிட்டு, ஜன்னல் வழியாகப் பேசி, உடனே பக்கத்துத் தோட்டத்துக்குப் போன் செய்யப் பழக்க வேண்டும். சத்தத்துக்கு வெளியே வந்து பார்ப்பது பெரியவர்களின் இயல்பு. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

அவசர எண்கள் 100, 112. பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். ஸ்மார்ட் போன் இருந்தால், தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை ஏற்றிக் கொடுக்கலாம். அதிலுள்ள சிவப்பு நிற அவசரப் பொத்தானை அழுத்தினால், இருக்கும் இடத்தின் விவரம் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும்.

காவல் நிலையத்தில் ஒரு தாள்

வெளியூர் போவதைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகத் தயங்க வேண்டியதில்லை. பெயர், வீடு இருக்கும் இடம், போகும் தேதி, திரும்பும் தேதி, கைப்பேசி எண், பொறுப்பாளரின் பெயரும் எண்ணும் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், இரவு ரோந்து வருபவர்கள் அந்தப் பக்கமும் வந்து பார்க்க வசதியாக இருக்கும். தோட்டத்து வீடுகளுக்குக் கதவு எண்ணை வைத்து வழி கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கோயிலைத் தாண்டி எந்த வண்டித்தடத்தில் திரும்ப வேண்டும் என்று அடையாளம் எழுத வேண்டும்.

கேமரா வைப்பவர்கள், பதிவாகும் பெட்டியையும் திருடர் தூக்கிப் போய்விடுவார் என்பதை மறக்கக் கூடாது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் வகை, கரன்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் வகை என்று பார்த்து வாங்க வேண்டும். கைப்பேசிக்குத் தகவல் வந்தால் உடனே போய்ப் பார்க்க உள்ளூரில் ஆள் இல்லை என்றால், கேமராவால் பாதிப் பயன்தான்.

திரும்பி வரும்போது

வந்ததும் நேரே கதவைத் திறக்காமல், வீட்டைச் சுற்றி ஒரு முறை வர வேண்டும். பின்கதவு, ஜன்னல், ஓடு எல்லாம் இருந்தபடி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கேஸ் வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு, ஜன்னல்களைத் திறக்க வேண்டும். பூட்டிக் கிடந்த வீட்டில் பாம்பு புகுந்திருக்க வாய்ப்பு உண்டு. விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டே குழந்தைகளை உள்ளே விட வேண்டும்.

பூட்டு உடைந்திருந்தால் உள்ளே போகக் கூடாது. எதையும் தொடாமல், ஊர்க்காரர்களையும் உள்ளே விடாமல், போலீஸுக்குப் போன் செய்ய வேண்டும். கைரேகை கிடைப்பது அதனால்தான். புகார் கொடுத்ததும் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, அதை இலவசமாகத் தர வேண்டும். சம்பவம் எந்த நிலைய எல்லைக்குள் வரும் என்று பார்க்காமல் புகாரைப் பதிவு செய்யவும் அதே பிரிவு வழி செய்கிறது. இரண்டு நிலைய எல்லைகளுக்கு நடுவில் இருக்கும் தோட்டங்களுக்கு இது முக்கியம்.

திருடரைக் கண்ணால் பார்த்தாலும் தனியாகத் துரத்தக் கூடாது. 2021 நவம்பரில், ஆடு திருடிச் சென்றவர்களைத் துரத்திப் பிடித்த திருச்சி நாவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். பயிற்சி பெற்ற காவலருக்கே அந்த நிலை. வண்டி எண்ணையும் போன திசையையும் மனதில் வாங்கிக்கொண்டு போன் செய்வதே போதும்.

கிளம்பும் நாளில் ஒரு முறை பார்க்க…

• பின்கதவு, ஜன்னல் கொக்கி, மாடிக் கதவு சாத்தியாயிற்றா?
• கடப்பாரை, ஏணி, மண்வெட்டி உள்ளே வைத்தாயிற்றா?
• ஆட்டோ ஸ்டார்ட்டர், சிலிண்டர், டிவி பிளக் நிறுத்தியாயிற்றா?
• தொட்டியில் இரண்டு நாள் தண்ணீர் இருக்கிறதா?
• கொடித் துணி எடுத்தாயிற்றா? கோலத்துக்கு ஆள் சொல்லியாயிற்றா?
• சாவி பொறுப்பாளர் கையில் நேரடியாகக் கொடுத்தாயிற்றா?
• காவல் நிலையத்தில் தாள் கொடுத்தாயிற்றா?

இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை, நம்பிக்கையான ஒரு பக்கத்துத் தோட்டம். வரப்புத் தகராறிலும் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையிலும் பேச்சு நின்றுபோன வீடுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று காவல் இல்லாமல் கிடக்கின்றன. நாலைந்து தோட்டத்துக் குடும்பங்கள் சேர்ந்து முறை வைத்துக்கொண்டால், இந்த வருடம் ஒருவர் பழனிக்குப் போகும்போது மற்றவர் பால் கறப்பார், அடுத்த முறை அவர் மகள் வீட்டுக்குப் போகும்போது இவர் வாசல் விளக்கைப் பார்த்துக்கொள்வார். அறுவடைக்கு ஆள் மாற்றிக்கொண்ட ஊர்களுக்கு இது புதிய பழக்கம் இல்லை. பேச்சு நின்றுபோன வீட்டாரிடம் திரும்பப் பேசுவதற்கும், ஊருக்குப் போகும் இந்தக் காரணம் ஒன்று போதும்.